நெடி ஏறாத மிளகாய்

என் மகள் வேல்விழியின் கல்யாணம் ஒரு மிளகாயால் நின்றுபோகப் பார்த்தது. அந்த மிளகாயைத் தேடிப் பிடித்து, விதை போட்டு, குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றி வளர்த்தவன் நான். மாப்பிள்ளைக்காகக்கூட நான் அவ்வளவு அலையவில்லை. மாப்பிள்ளை தானாக அமைந்தார். மிளகாய்க்குத்தான் லீவு போட்டு விருதுநகர் வரைக்கும் பஸ் ஏறினேன்.

எல்லாம் என் வயிற்றில் ஆரம்பித்தது.

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆபீசில் எனக்கு மருந்து செலுத்துகிற வேலை. வெடிக்குள்ளே போகிற கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் ஊரில் மருந்து என்று ஒரே பேர். இரண்டாயிரத்து நாலாம் வருசம் ஆனி மாதம், சாப்பிட்டு எழுந்தால் நெஞ்சுக்குக் கீழே திரி பற்றவைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வெளியூர்க்காரர். ஏற்கெனவே மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். இருபத்திரண்டு வருசமாக என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்றார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவோம், மழை பெய்தால் தொடமாட்டோம், தீபாவளி நெருங்கினால் அளவு கூடும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நர்சு எங்கள் பக்கம், திருத்தங்கல்காரி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு விளக்கம் சொன்னாள்.

குடலில் புண் என்றார். காரம் அறவே கூடாது, டீ கூடாது, பீடி கூடாது. பிந்தின இரண்டும் என் காதில் சரியாக விழவில்லை.

என் வீட்டுக்காரி சண்முகத்தாய் சாத்தூர்ப் பக்கம் கரிசல்காட்டுக்காரி. அவள் பிறந்த வீட்டில் கஞ்சிக்கே மிளகாய் வத்தலைச் சுட்டுக் கடித்துக்கொள்வார்கள். அவள் வைக்கிற புளிக்குழம்பைச் சாப்பிட்டால் காது அடைக்கும். அந்தக் குழம்புக்காகவே என் சொந்தக்காரர்கள் வேலை வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து எனக்குத் தனி அடுப்பு. வெந்த பீர்க்கங்காய், குழைந்த சோறு, மோர். எங்கள் ஆபீசில் சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் வேப்ப மரத்தடியில் தூக்குவாளியைத் திறப்போம். என் வாளிக்குள்ளே எல்லாம் வெள்ளை. எங்களோடு வேலை பார்க்கிற சீனிச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், எத்தனாவது மாசம்?" என்று கேட்டான். வெடிச் சரம் பின்னுகிற பெண்கள் பக்கத்துக் கொட்டகையிலிருந்து கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் புளிச்ச மாங்காய் கொண்டுவந்து கொடுக்காத ஆள் கிடையாது.

இருபத்திரண்டு நாள் பொறுத்தேன். இருபத்து மூன்றாம் நாள் புண் ஆறிவிட்டது என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். சண்முகத்தாய் சந்தோசமாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நாலு வாய் தின்றேன். ஐந்தாவது வாய்க்குக் கொல்லைப்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புத்தி வந்தது. குழம்பின்மேல் தப்பில்லை. புளி ஒன்றும் செய்யவில்லை, கருவாடு ஒன்றும் செய்யவில்லை. மிளகாய் ஒன்றுதான் எதிரி. அதே சிவப்பு, அதே வாசனை, ஆனால் கோபம் மட்டும் இல்லாத ஒரு மிளகாய் கிடைத்தால், ஒரே சட்டியில் எல்லாரும் சாப்பிடலாம், எனக்கும் மாசக் கணக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

சண்முகத்தாயிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். காரம் குறைந்த மிளகாய் என்று ஒரு ரகம் இருக்கிறதாம், நம் கொல்லையில் போட்டால் என்ன என்று. "காரம் இல்லாத மிளகாய்க்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்? அதுக்குக் குரோட்டன்ஸ் வச்சுட்டுப் போகலாம்ல" என்றாள். அதோடு அந்தப் பேச்சை மூடினேன். அவளிடம் மூடினேனே தவிர, எனக்குள்ளே மூடவில்லை.

விருதுநகரில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. பேர் சம்சு. நான் பட்டாசுக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் வத்தல் மண்டியில் சேர்ந்து லோடு ஏற்றியவர்கள். எனக்கு முதுகு வளைந்தது, நான் ஓடிவந்துவிட்டேன். சம்சுவுக்கு மூக்கு வளர்ந்தது. இப்போது ஒரு கமிஷன் கடையில் தரம் பார்க்கிற ஆள். மூட்டைக்குள்ளே கையை விட்டு ஒரு வத்தலை எடுத்து ஒடித்து மோந்து பார்த்து, இது எந்த ஊர்க் காடு, எத்தனாவது பறிப்பு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவான். அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் நாய்கூடத் தும்மிக்கொண்டுதான் போகும். சம்சு முப்பது வருசத்தில் தும்மி நான் பார்த்ததில்லை.

விசயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். வத்தல் தெருவில் உட்கார்ந்துகொண்டு காரமில்லாத வத்தல் கேட்கிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்கு மனசு வேண்டும். ஒரு பழைய பேப்பரை விரித்து, வகைக்கு இரண்டாக எடுத்து வந்து பரப்பினான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சம்பாவை எடுத்து ஓரமாகத் தள்ளினான். அது உங்கள் வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கிறவர் என்றான். அடுத்தது குண்டு. உருண்டு திரண்டு பார்க்கச் சாதுவாக இருக்கும், சம்பாவைவிடக் கொஞ்சம் அடக்கம், ஆனாலும் நம்புகிற ஆள் இல்லை என்றான். பஜ்ஜி மிளகாயை எடுத்துக் காட்டினான். காரம் கிடையாது, ஆனால் தோல் தடிமன், காயப்போட்டால் காய்வதற்குள் அழுகும், பொடிக்கு ஆகாது. குடை மிளகாயை அவன் தொடவே இல்லை. பக்கத்துக் கடையில் காய்கறியோடு கிடந்ததைத் தூரத்திலிருந்து காட்டி, "அது மிளகாயே கிடையாது அண்ணாச்சி. கத்திரிக்காய்க்கு மாமன் மகன்" என்றான். காஷ்மீர் வத்தல் நல்ல நிறம், நல்ல குணம். ஆனால் குளிர் தேசத்துப் பிள்ளை, விஸ்வநத்தத்து வெயிலில் ஒரு மத்தியானம் நின்றால் மயங்கி விழும்.

கடைசியாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். நீளமாக, கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. பியாடகி. கர்நாடகத்திலிருந்து வருகிறது. குழம்பில் போட்டால் நிறம் அள்ளும், நாக்கில் வைத்தால் பேசாமல் இருக்கும். கரிசல் மண்ணும் அதற்கு ஒத்துக்கொள்ளும்.

"மூஞ்சியப் பாத்துப் பயந்துறாதீக" என்றான் சம்சு. "சுருக்கம்தான் விளுந்துருக்கு, கோவம் கிடையாது. எங்க வீட்டுல சாலிஹா நோம்புக் கஞ்சித் தாளிப்புக்கு இதத்தான் போடுறா."

ஒடித்து நுனியைக் கடித்தேன். கொஞ்சம் இனித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால் இல்லை.

வத்தலை உதறி விதை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்து, மேலே பேனாவால் பியாடகி என்று எழுதினான். செடியைத் தண்ணீருக்கு ஏங்கவிடாதீர்கள், ஏங்கினால் சாதுவுக்கும் கோபம் ஏறும் என்று சொல்லி அனுப்பினான்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒரு சிக்கல் உறைத்தது. சண்முகத்தாய்க்குப் படிக்கத் தெரியும். அறிவொளி வகுப்பு ஊருக்குள் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து முப்பத்தஞ்சு வயசில் அ, ஆ படித்தவர்கள். எனக்கு முந்தி அவள் பேரை அவள் எழுதினாள். பொட்டலத்தைப் பார்த்தால் எழுத்துக் கூட்டி, இது என்ன புதுப் பேர் என்று கேட்பாள். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரிடம் பேனா வாங்கி, சம்சு எழுதினதை அடித்துவிட்டு, கீழே நல்ல பெரிய எழுத்தில் சம்பா என்று எழுதினேன். எழுதக் கற்றுக்கொண்டு நான் எழுதிய முதல் பொய் அது. எழுத்து நன்றாகவே வந்திருந்தது. அவளும் சம்-பா என்று கூட்டிப் படித்து, சரி என்று விட்டுவிட்டாள்.

ஆவணியில் நாற்றங்கால். புரட்டாசியில் பிடுங்கி நட்டேன். கொல்லையில் முப்பது செடி. எங்கள் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். பேன்சி வெடிக்கு மருந்து செலுத்திவிட்டு, கோயில் சிலைக்கு வெள்ளிக் கவசம் சாத்தின மாதிரி அலுமினியம் பூசிக்கொண்டு வந்து நிற்கிற எனக்கு இரண்டு வாளி ஒதுக்கீடு. ஒரு வாளியில் என்னைத் தேய்த்துக்கொண்டு, ஒரு வாளியைச் செடிக்கு ஊற்றினேன். அடைமழைக் காலம் கைகொடுத்தது. தை, மாசியில் பழம் பழமாகச் சிவந்தது. சாக்கு விரித்துக் காயப்போட்டபோது சண்முகத்தாய் ஒன்றை எடுத்துப் பார்த்து, சம்பா ஏன் இப்படிச் சுருங்கிக் கிடக்கிறது என்றாள். தண்ணீர் பத்தவில்லை என்றேன். பங்குனியில் மல்லி, சீரகத்தோடு அரைத்துப் பொடியானது. மிச்ச வத்தல் டின்னுக்குள் போனது.

புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று சண்முகத்தாயிடம் சொல்லி, நானும் பொதுச் சட்டிக்கு வந்தேன். அதற்குப் பிறகு என் வயிறு குளிர்ந்தது. குழம்பு பார்க்க ரத்தமாக இருக்கும். தூக்குவாளியைத் திறந்து சீனிச்சாமி மூக்குக்கு நேரே காட்டி, பார்த்துக்கொள் என்பேன். நாக்கில் வைத்தால் புளியும் உப்பும்தான். நான் பாட்டுக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். உடம்பில் சதை பிடித்தது.

சண்முகத்தாய்தான் பேச்சுக் குறைந்துபோனாள். முதலில் பொடியை ஒரு கரண்டி கூட்டிப் போட்டாள். பிறகு இரண்டு. குழம்பு கருஞ்சிவப்பாகப் போனது, காரம் வரவில்லை. என் புண்ணுக்காக அம்மா காரத்தைக் குறைத்துவிட்டாள் என்று நினைத்து வேல்விழி அப்படியே சாப்பிட்டாள். ஒருநாள் அடுப்படியில் பொடி டப்பாவைத் திறந்து, ஒரு விரல் பொடியை நாக்கில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். இந்தக் கதையில் நான் செய்தவற்றில் இதுதான் மோசம். மற்றதெல்லாம் சில்லறை.

இதற்கிடையில் மாப்பிள்ளை அமைந்தார் என்றேனே, அது கதிரவன். சிவகாசியில் வேல்விழி காலண்டருக்குத் தகரம் அடிக்கிற அச்சாபீசில் அவர் மிஷின் ஓட்டுகிறார். இரண்டு பேரும் பேசிப் பழகி, பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாத மாதிரி சீனிச்சாமி மூலமாகப் பெண் கேட்டு வந்தார்கள். நாங்களும் ஒன்றும் தெரியாத மாதிரி சம்மதித்தோம். கதிரவனுக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. அவருடைய அம்மா செல்லக்கனி நல்ல வாட்டசாட்டமான பொம்பளை, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற வாய். அடுத்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வந்தார்கள்.

அன்றைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. சண்முகத்தாய் காலையிலிருந்து அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. எவ்வளவு பொடி போட்டாளோ, குழம்பு செங்கல் நிறத்தில் இருந்தது. செல்லக்கனி பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். "மதினி, நெறம் அம்புட்டு நல்லாருக்கு. தொட்டில் புள்ளைக்கே ஊட்டிவிடலாம் போல" என்றார். பாராட்டா குத்தலா என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். சண்முகத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. பிறகு செல்லக்கனி வேல்விழிக்குப் பூ வைத்து, சேலையைக் கையில் கொடுத்து, சடையைத் தடவி, எம்புட்டு முடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வேல்விழிக்குக் காய்ச்சல், வாந்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த லட்டில் ஏழு அவள் வயிற்றுக்குள் இருந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் எட்டாவதை நான் தின்றேன். சண்முகத்தாய்க்கு வேறு கணக்கு. செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகளைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தாள். ஏழு வத்தல், ஒரு பிடி கல் உப்பு, முச்சந்தியில் எடுத்த மண். மூன்று சுற்றுச் சுற்றி, வேல்விழியை மூன்று தடவை துப்பச் சொல்லி, நேரே கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

இந்தச் சடங்கில் அடுப்புதான் ஜோசியர். வத்தல் எரிந்து நெடி ஏறி வீடே இருமினால் கண் ஏதும் படவில்லை, சும்மா காய்ச்சல்தான். நெடியே வராவிட்டால், பட்ட கண்ணே அந்தக் காரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். நெடி எவ்வளவுக்கு இல்லையோ அவ்வளவுக்குக் கண் கொடியது.

உப்பு படபடவென்று வெடித்தது. வத்தல் நிதானமாக எரிந்தது. வீட்டுக்குள்ளே ஒரு வாசனை வந்தது, வெல்லம் காய்ச்சுகிற மாதிரி. ஒருத்தரும் இருமவில்லை.

எனக்கு விசயம் புரிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் இருமினேன். நன்றாகவே இருமினேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. சண்முகத்தாய் திரும்பிப் பார்த்து, பீடியைக் குறையுங்கள் என்றாள்.

மறுபடியும் பதினோரு வத்தல் சுற்றினாள். அதே வெல்ல வாசனை. மூன்றாவது தடவை எண்ணவில்லை, டின்னிலிருந்து இரண்டு கையும் கொள்கிற மட்டும் அள்ளிச் சுற்றிப் போட்டாள். அடுப்பு சிவந்து எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, என்ன பலகாரம் என்று கேட்டாள்.

சண்முகத்தாய் அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, கும்பிடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "பூ வச்ச அன்னிக்கே இம்புட்டுக் கண்ணுன்னா, அந்த வீட்டுக்கு வாளப் போனா எம்புள்ள சாம்பல்கூட மிஞ்சாது. காலைல மொத பஸ்ஸுல போயி அந்தச் சேலையக் குடுத்துட்டு வந்துருதேன்."

எனக்குத் தெரிந்து அவள் ஒன்று செய்கிறேன் என்று இப்படிச் சத்தமில்லாமல் சொன்னால் அது நடந்துவிடும். சேலையை அப்போதே மடித்து மஞ்சள் பையில் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வேல்விழி போர்வையைப் போர்த்திக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் அழவில்லை.

"நெடியே இல்லையேப்பா. நீங்க மட்டும் எதுக்கு இருமுனீக?"

படித்த பிள்ளை. ஒன்றும் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். சம்சு, பேப்பரில் பரப்பினது, பொட்டலத்தில் எழுதினது எல்லாம். அவள் கேட்டுவிட்டுச் செடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்றாள். காலையில் நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது.

வழி இதுதான். விடிந்ததும் முக்குக் கடையைத் திறக்கவைத்து, கால் கிலோ அசல் சம்பா வாங்கினேன். சண்முகத்தாய் வாசல் தெளிக்கிற நேரம் பார்த்து டின்னில் மேலாகப் போட்டுக் கிளறிவைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பூவைத் திருப்பிக் கொடுப்பது சின்ன விசயம் இல்லை, போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடு என்றேன். அவள் டின்னை எடுத்தாள். அவளுக்கும் கொடுக்க மனசில்லை, அது முகத்திலேயே இருந்தது. நெடி மட்டும் வந்துவிட்டால் போதும், கண் கழிந்தது, கல்யாணம் நடந்தது, என் குட்டும் உடையவில்லை. இப்படி ஒரு திட்டம் போட்ட மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் இன்னும் மருந்துக் கொட்டகையில் வேலை பார்க்கிறேன் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அவள் டின்னுக்குள் கையை விட்டாள். எடுத்த வத்தலைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். டின்னை அப்படியே முறத்தில் கவிழ்த்து, அரிசியில் கல் பொறுக்குகிற கை அது, நான் எச்சில் விழுங்குவதற்குள் இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டாள். சுருங்கினது ஒரு பக்கம். வழுவழுவென்று இருந்தது ஒரு பக்கம்.

"இது நம்ம செடி" என்றாள். வழுவழுப்பைக் காட்டி, "இது யாரு?"

வேல்விழி கதவில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். சொன்னேன். நின்றுகொண்டு ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். எழுத்தை மாற்றி எழுதினதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டேன்.

சண்முகத்தாய் சுருங்கின வத்தலில் ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கடலைமிட்டாய் தின்கிற மாதிரி முழுசாக மென்று விழுங்கினாள். இன்னொன்றையும் தின்றாள். பிறகு சம்பாவில் ஒன்றை எடுத்து நடுவில் கடித்தாள். கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, காது வரைக்கும் ரத்தம் ஏறியது. தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். தட்டிவிட்டாள். நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அஞ்சு மாசமா எந்நாக்கு செத்துருச்சுன்னு இருந்தேன்" என்றாள். "உங்க துணில ஒட்டி வர்ற மருந்து தின்னுருச்சுன்னு. சரம் பின்னுற எடத்துல ஒருத்திக்கு அப்பிடித்தான் ஆச்சாம், அடுத்து மூக்காம். உங்ககிட்டச் சொன்னா புண்ணோட இருக்க மனுசன் பயந்துருவீகன்னு சொல்லல."

நான் என் வயிற்றைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"புண்ணு ஆறலன்னா வாயத் தொறந்து சொல்லணும். அதுக்கா எந்நாக்கக் கொன்னீக?"

அவள் தட்டிவிட்ட செம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

அவள் எழுந்து, சம்பாவில் ஏழு எடுத்து, மகளை இழுத்து உட்காரவைத்து, மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி என்றால் அது நெடி. வேல்விழி இருமி இருமிச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து திட்டினாள். தெருமுனையில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தும்மினார். செல்லக்கனியின் கண் சுத்தம் என்று தெருவே சாட்சி சொன்னது.

அத்தனைக்கும் பிறகு சண்முகத்தாய் முகத்தைக் கழுவி, தலையை வாரி, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பிவிட்டாள். பையில் சேலை அப்படியே இருந்தது. எதற்கு என்று கேட்டேன். என்னைத் தாண்டிப் போனாள். கோபம் என்மேல் என்றால் என்னோடு சண்டை போடலாம், கல்யாணத்தோடு எதற்குச் சண்டை என்று நான் வாசலில் நின்று புலம்பினேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க, தண்ணீர் வராத நாளில், காலி வாளியை இங்கே தூக்கி அங்கே வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள். கையில் அதே பை. உப்பி இருந்தது. வேல்விழி பிடுங்கிப் பார்த்தாள். மேலே பச்சை நிலக்கடலை. கீழே கையை விட்டாள், சேலை இருந்தது. பிளவுசுத் துணியும் இருந்தது. பூ வைத்த அன்றைக்குச் செல்லக்கனி சேலையோடு கொடுக்க மறந்துபோனாராம்.

நடந்ததைச் சண்முகத்தாய் கடலையை உடைத்துக்கொண்டே மகளிடம் சொன்னாள். நான் அங்கே இல்லாத மாதிரிதான் சொன்னாள். போய் இறங்கினதும், உங்கள் கண்மேல் சந்தேகப்பட்டேன், சேலையைத் திருப்பிக் கொடுக்கவே மடித்து வைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்லாமல் நாளைக்கு உங்களோடு எப்படிச் சம்பந்தம் பண்ணுவேன், இதற்கப்புறமும் வேண்டும் என்றால் சேலையைத் திரும்ப என் கையில் கொடுங்கள் என்று மடியில் வைத்துவிட்டாளாம். செல்லக்கனிக்கு முகம் கறுத்துப்போனதாம். அப்புறம் வத்தல் கதையைச் சொன்னாளாம். பொட்டலத்தில் நான் சம்பா என்று எழுதின இடம் வந்ததும் அந்தம்மா சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் உரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அப்போ நான் சொன்னது நிஜம்தானே, குழம்பில் காரம் இல்லைதானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டாராம்.

கட்டிலில் பேப்பரை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர் அவருடைய வீட்டுக்காரர். பேப்பரை இறக்காமலேயே, அந்த விதை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாராம். மூன்று வருசமாக அவருக்கும் புண். பயந்துகொண்டு சொல்லவில்லை. தட்டில் விழுகிற குழம்பை நைசாகப் பின்வாசல் கழனித்தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். "அதான் அந்த வெள்ளாட்டுக்குக் கண்ணு செவந்தே கெடக்கு" என்று செல்லக்கனி சிரிப்பை நிறுத்தினாராம்.

அவருக்கு அங்கே என்ன மண்டகப்படி நடந்ததோ, அதைச் சண்முகத்தாய் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சேலையைச் செல்லக்கனியே மடித்து, பிளவுசுத் துணியையும் வைத்து, பை நிறையக் கடலை போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினாராம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. வேல்விழி மல்லாங்கிணற்றில் நன்றாக இருக்கிறாள். அங்கே கொல்லையில் அவள் மாமனார் முப்பத்தஞ்சு செடி வைத்திருக்கிறார். ஊருக்குள் அதற்குச் சம்பந்தி மிளகாய் என்று பேராகிவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு நமத்த மிளகாய் என்று பேர். நமத்துப்போன வெடி மாதிரி, பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், பற்றவைத்தால் சத்தம் வராது. சண்முகத்தாய் வைத்த பேர். கொல்லையில் இப்போது பாதி நமத்தது, பாதி சம்பா. பட்டாசு அட்டையைக் கிழித்து அவளே பேர் எழுதிக் குச்சியில் சொருகியிருக்கிறாள். எழுதுகிற வேலையை என்னிடம் விடுவதில்லை.

இரண்டு சட்டி வைக்கிறாள். எனக்குத் தனிச் சட்டி, ஆனால் அதுவும் சிவப்புதான். திட்டுவதில்லை, அந்தப் பேச்சை எடுப்பதும் இல்லை. ஆனால் நான் வாங்கி வருகிற சாமான் எதையும் கடித்துப் பார்க்காமல் அடுப்படிக்குள் விடமாட்டாள். மிளகைக் கடிக்கிறாள், புளியை நக்குகிறாள். கடைக்காரர் முன்னாலேயே செய்கிறாள், எனக்குத்தான் கூச்சம். நேற்று ஒரு கிலோ கல் உப்பு வாங்கி வந்தேன். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கரையும் வரைக்கும் நின்றாள். பிறகுதான் உப்பு என்று ஒத்துக்கொண்டாள்.